முகவரியை நம்பி ஊரைச் சொல்லலாமா?

எஸ்சிசிஎம் என்று பழைய பெயரிலேயே நாம் கூப்பிடும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் ‘பௌண்டரி’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு கம்ப்யூட்டர் எந்தக் கிளையில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் சர்வர் முடிவு செய்யும். பௌண்டரிகளை ஒரு குரூப்பில் போட்டு, அதற்கு ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்டைக் கொடுத்துவிட்டால், நாமக்கல் கிளை மெஷின் நாமக்கல்லிலேயே அப்டேட்டை இறக்கிக்கொள்ளும். சேலம் தலைமை அலுவலகத்து லைன் அடைபடாது. யோசனை நல்ல யோசனைதான். என் குறை அஸ்திவாரத்தின் மேல். ஐபி முகவரி தெரிந்தால் ஊர் தெரிந்த மாதிரி என்று அது நம்புகிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிளையை சப்நெட் வகையில் 10.20.5.0 என்று பதிந்திருந்தோம். மெஷின்கள் கூடியதும் டிஎச்சிபியில் /24ஐ /23 ஆக்கினோம். கன்சோலைத் தொடவில்லை, தப்பு எங்களுடையது. மறுநாளிலிருந்து அந்த மெஷின்கள் தங்கள் சப்நெட் 10.20.4.0 என்று சொல்ல ஆரம்பித்தன. எந்த குரூப்பிலும் பொருந்தாததால் டீஃபால்ட் குரூப்புக்குப் போய், அதில் இருந்த சேலம் சர்வரிலிருந்து இறக்கின. எர்ரர் ஒன்றும் வரவில்லை. அப்டேட்டும் போய்ச் சேர்ந்தது. ‘நெட்டு படுத்துக்கிச்சு சார்’ என்று போன் மட்டும் வந்தது. ரெண்டு நாள் ரவுட்டரைத்தான் நோண்டினோம்.

இதில் சாஃப்ட்வேர் பங்கும் இருக்கிறது. சப்நெட் பௌண்டரி போடும்போது மாஸ்க்கைக் கேட்கும். ஆனால் அதைச் சேமிக்காது, கணக்குப் போட்ட சப்நெட் ஐடியை மட்டும் வைத்துக்கொள்ளும். நிலத்தின் ஒரு மூலையை மட்டும் பத்திரத்தில் எழுதி, அளவை விட்டுவிட்ட கதை.

வீட்டிலிருந்து வேலை வந்ததும் சிக்கல் இன்னும் கூடியது. 192.168 வரிசையை யாரும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918-இன் ஏற்பாடு. திருச்செங்கோட்டு வீட்டு ரவுட்டரும் ராசிபுரம் கிளையும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால், வீட்டு லேப்டாப்பை ராசிபுரத்தில் இருப்பதாகவே எண்ண இடமுண்டு. விபிஎன்னுக்கென்று தனி பௌண்டரி வகை 2020-இல்தான் வந்தது.

1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியபோது, ராசிபுரத்து நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது தாளில் இருந்த எல்லை. நம்ம மெஷின்கள் கதை நேர் எதிர். எல்லை தாளில் அப்படியே நிற்கும், முகவரி நகர்ந்துவிடும்.

அதனால் முடிந்தவரை ஐபி ரேஞ்ச் வகையையே போடுங்கள். டிஎச்சிபியை மாற்றும் அதே நாளில் பௌண்டரியையும் மாற்றுங்கள். டிவைசஸ் பட்டியலில் பௌண்டரி குரூப் என்ற பத்தியைச் சேர்த்து, தன் கிளையின் பெயர் வராத மெஷின் எது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது தானாக வந்து புகார் சொல்லாது.