பாடு யாருக்கு?

'ஊர்ப் பொதுவை ஊரே ஆளும்; அரசும் வேண்டாம், சந்தையும் வேண்டாம்.' 1990-இல் எலினார் ஆஸ்ட்ரமின் பொதுவளம் பற்றிய புத்தகம் வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு மவுசு கூடியது. 2009-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பழவேற்காடு ஏரியின் பாடு முறையை இதற்குச் சாட்சியாக நிறுத்துகிறவர்கள் உண்டு.

பாடு நல்ல ஏற்பாடுதான். மீன் விழுகிற இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை கட்டுகிறார்கள். சண்டை குறையுது. சரி, சீட்டுல யார் பேர் இருக்கு? பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டு ஆண்கள் பேர். அதே ஏரியில் வலை போடுகிற தலித் பேர் இல்லை. தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண் பேரும் இல்லை.

யாருக்கு உரிமை என்று எல்லையைத் தெளிவாகப் போடு என்பதுதான் ஆஸ்ட்ரமின் முதல் விதி. நம்ம ஊர்ல எல்லைன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? ஊரையும் சேரியையும் பிரிச்ச அதே புத்திதான் தண்ணியிலயும் கோடு போட்டது. அதைச் 'சமூகம்' என்று மட்டும் எழுதினால் சாதி காணாமப் போயிடுது.

பட்டினவர் மேல பகை இல்லை. இழுவைப் படகும் துறைமுகமும் அவங்க வயித்துலயும்தான் அடிக்குது. ஆனால் 2014-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஏற்ற சிறுமீன்பிடி நெறிமுறைகள் வழக்காறுகளை மதிக்கச் சொல்கின்றன. ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்க்கவும் சொல்கின்றன. வழக்காறே ஒதுக்கும்போது எதை மதிப்பது? பொதுவளம் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.