தாள் வந்தது, பஞ்சு வந்ததா?

2020 அக்டோபர் இறுதியில், ஆர்கானிக் துணிகளுக்குச் சான்று தரும் உலக அமைப்பான ஜி.ஓ.டி.எஸ்., இந்தியாவில் நடந்த ஒரு மோசடியை வெளியே சொன்னது. 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள். 11 நிறுவனங்களுக்குத் தடை. பேலுக்கு 170 கிலோ என்ற நம் கணக்கில் பஞ்சாக எண்ணினால் ஏறக்குறைய 1,17,600 பேல். அளவைவிட எனக்கு வியப்பூட்டியது செய்த விதம். சில சான்றிதழ்களில் க்யூ.ஆர். கோடும் இருந்தது. ஸ்கேன் செய்தால் இந்திய வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடாவின் தளம் திறப்பதுபோலத் தெரியும். உண்மையில் திறந்தது அச்சு அசலாகச் செய்த நகல் தளம். சரிபார்க்க நினைத்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

ஆடைத் துறையில் பொருளைத் தடம்பிடிக்க உருவாகிவரும் தரவுத் தரங்களை எடைபோட இந்தச் சம்பவத்தைவிட நல்ல படிக்கல் இல்லை. அதற்காக அந்தத் தரங்களை வெறும் தாள் வேலை என்று தள்ளவும் முடியாது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். எந்தெந்த பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்பதை இடிபாடுகளில் கிடந்த லேபிள்களையும் ஆர்டர் தாள்களையும் பொறுக்கித் தொழிலாளர் அமைப்புகள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தங்கள் ஆர்டர் அந்தக் கட்டடத்துக்குப் போனதே தெரியாது என்று சொன்ன நிறுவனங்களும் உண்டு. பின்னர் பிராண்டுகள் தொழிற்சாலைப் பட்டியல்களை வெளியிடத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் வந்தது: ஒரே ஆலை ஒரு பட்டியலில் ஒரு பெயரில், இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டலில். ஓபன் சப்ளை ஹப் என்ற பொதுப் பதிவேடு ஒவ்வோர் ஆலைக்கும் ஒரே எண் கொடுத்தது இதற்காகத்தான். திருப்பூரில் முருகன் பெயரில் எத்தனை நிட்டிங் கம்பெனி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அந்த எண்ணின் அருமை விளங்கும்.

பார்கோடுகளை நிர்வகிக்கும் ஜி.எஸ்.ஒன் அமைப்பின் இ.பி.சி.ஐ.எஸ். தரமும் அறிவுள்ள வடிவமைப்பு. எந்தப் பொருள், எப்போது, எங்கே, எதற்காக நகர்ந்தது என்று ஒவ்வொரு நிகழ்வையும் ஒரே இலக்கணத்தில் எழுதச் சொல்கிறது. இவ்வளவு நூல் உள்ளே போய் இவ்வளவு துணி வெளியே வந்தது என்ற உருமாற்றத்தையும் அதில் பதியலாம். எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்ட வேண்டியதில்லை. தரவு அவரவரிடம் இருக்கும், கேட்டால் பகிரலாம். ஜாப் ஒர்க் கொடுக்கும் பட்டறையின் பெயரும் கூலியும் வாங்குபவருக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டரில் பேரம் இறுகும் என்று அஞ்சும் ஏற்றுமதியாளருக்கு இது சிறிய விஷயமில்லை.

நடைமுறைக்கு வந்தால் கதை மாறுகிறது. திருப்பூரில் நூல் ஓரிடத்தில் வாங்கி, இன்னோரிடத்தில் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் என்று துணி ஊரைச் சுற்றிவரும். கூடவே டெலிவரி செலானும் சுற்றும். கிலோவாகப் போவது பீஸாகத் திரும்பும்; நடுவில் கட்டிங் வேஸ்ட். ஒரே லாட்டின் விவரத்தை ஒரு பிராண்டின் போர்ட்டலில் ஒரு வடிவத்திலும் அடுத்ததில் வேறு வடிவத்திலும் ஏற்ற வேண்டும். பொதுத் தரம் இருந்தும் ஆளுக்கொரு படிவம் கேட்பவர்கள் பெரிய வாங்குபவர்கள். தட்டச்சுச் செலவு மட்டும் பத்து மெஷின் வைத்திருப்பவருடையது. அப்படிப்பட்டவர் ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினால், அந்தத் தரவு பார்க்கத்தான் ஒழுங்காக இருக்கும்.

இதையெல்லாம்விட ஆழமான சிக்கல் நூற்பாலையில் இருக்கிறது. நூல் சீராக வர, பல பேல்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை எடுத்துக் கலப்பார்கள். மிக்ஸிங் முடிந்த பிறகு தனிப் பேலுக்கு அடையாளம் கிடையாது. அதிகபட்சம், இந்த லாட் நூலில் இந்தப் பேல்கள் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லலாம். ஆகவே டீ-ஷர்ட்டின் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் ஒரு விவசாயி படத்தில் சிரிப்பது பெரும்பாலும் விளம்பரம். பருத்திச் சாகுபடிக்கான பெட்டர் காட்டன் திட்டம் நெடுங்காலம் கையாண்ட முறையை எனக்கு இதைவிட மேலாகச் சொல்லத் தோன்றுகிறது: வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும், இழை கலந்திருக்கலாம் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் 2022 ஜூன் முதல், சீனாவின் சின்ஜியாங் பருத்தி கலந்திருந்தால் கட்டாய உழைப்பில் விளைந்தது என்றே அமெரிக்கச் சட்டம் கொள்கிறது. இல்லையென்று காட்டுவது இறக்குமதியாளர் பொறுப்பு. அங்கே அளவுக் கணக்கு செல்லாது. பெட்டர் காட்டனும் 2023 நவம்பரில் தடமறியும் வழியைத் திறந்தது. இழையின் ஐசோடோப்பைச் சோதித்து விளைந்த பகுதியைக் கணிக்கும் ஆய்வகங்களுக்கும் வேலை கூடியது.

இந்தத் தரங்கள் எல்லாம், விதையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஜின்னிங்குக்குப் பிறகுதான் வலுவாக இருக்கின்றன. 2020இல் ஓட்டை விழுந்ததோ அதற்கு முன்னால், பருத்திக்கு முதல் தாள் எழுதும் இடத்தில். முதல் பதிவு பொய்யென்றால், பின்னால் வரும் ஒவ்வொரு துல்லியமான பதிவும் அந்தப் பொய்யைப் பத்திரமாகக் கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பிளாக்செயின் போட்டாலும் அதே கதிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்டுக்கான சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான செயல்திட்டத்தில் ஆடைகள் முன்வரிசையில் உள்ளன. பாஸ்போர்ட்டில் என்னென்ன விவரம் வேண்டும் என்பதை ஆடைக்கான தனி விதி சொல்லும். நூறு கட்டம் கேட்பதைவிட, ஒன்றை இன்னொன்றால் சோதிக்கக்கூடிய நான்கைந்து போதும் என்பது என் கட்சி: விதைத்த பரப்பு, வந்த விதைப்பருத்தி, கிடைத்த பஞ்சு, நூல், கழிவு. விதைப்பருத்தியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் பஞ்சு தேறும். யாராவது பாதி என்று எழுதினால் கணினியே மடக்கிவிடும். தளத்தை நகலெடுத்தவருக்கும் இந்தக் கணக்கை எல்லா ஆலைகளின் ஏட்டிலும் பொருந்தச் செய்வது கடினம்.

கணக்கோடு ஆளும் வேண்டும். வரத்து மாதங்களில் ஜின்னிங் ஆலையின் எடைமேடையில் திடீர்ச் சோதனைக்கு ஆள் அனுப்புவது, லேபிளில் க்யூ.ஆர். கோடு அச்சிடுவதைவிடச் செலவு பிடிக்கும். வாங்குபவர் அதை ஆர்டர் விலையில் சேர்க்காமல் சான்றிதழ் மட்டும் கேட்டால், சான்றிதழ்தான் கிடைக்கும்.