முற்றுகைக்குள் ஒரு துபாஷி

முற்றுகையை எழுதி வைப்போர் பெரும்பாலும் படைத்தலைவர்களே. அவர்தம் ஏட்டில் பீரங்கிகளின் எண்ணிக்கை இருக்கும். மதிலுக்குள் அகப்பட்ட உள்ளூர் மக்கள் இரார். இக்குறையைப் போக்கும் அரிய நூல்களுள் ஒன்று தமிழிலேயே உண்டு. அது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

1736 செப்டம்பரில் தொடங்கிய இந்நூல் 1761 ஜனவரி வரை செல்கிறது. பின்னர் மறக்கப்பட்டு, 1846இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலமோ 1948 முதற்கொண்டே புதுச்சேரியில் நூல்வடிவம் பெறலாயிற்று. தமிழர் எழுதியதைத் தமிழர் அச்சில் காண நூறாண்டு காத்திருக்க நேர்ந்தது!

1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். நோயும் மழையும் தாக்க, அக்டோபரில் அவர் பின்வாங்கினார். பிரெஞ்சுக்காரருக்கு அது வெற்றி. ஆனால் அதே முற்றுகைக் காலத்தில், செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்தவர் பிரெஞ்சுக்காரர். எழுதியவரோ அவர்களிடமே தலைமைத் துபாஷியாக இருந்தவர். மகிழ்ந்தோரின் மகிழ்ச்சியையும் தமக்கு நேர்ந்த துயரத்தையும் அவர் ஒருங்கே பதிவு செய்கிறார். வென்றவர் ஏட்டில் காண முடியாத வெற்றியின் மறுபக்கம் இது.

இதனோடு ஒப்பிடத் தக்கது ஆப்பிரிக்கர் ஒருவரின் நாட்குறிப்பு. போயர் போரில், 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை, மாஃபெக்கிங் நகர் 217 நாள் முற்றுகைக்குள்ளாயிற்று. பிரித்தானியர் அதை வெள்ளையரின் வீரகதையாகவே கொண்டாடினர். அங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்த இளைஞர் சாலமன் பிளாட்ஜே எழுதிய குறிப்புகள் 1973இல் நூலாக வந்தன; மதிலுக்குள் இருந்த கறுப்பின மக்களின் பசியை அவை காட்டுகின்றன.

இருவரும் மொழிபெயர்ப்பாளர் என்பது கருதத் தக்கது. ஆள்வோர் பேச்சும் ஆளப்படுவோர் பேச்சும் ஒரே செவியில் விழும் இடம் அது. எனினும் இருவரும் ஒரு தட்டில் நிற்பவரல்லர். பிள்ளை செல்வர், பதவி, பரிசு, மரியாதை ஆகியவற்றில் கண்ணாயிருந்தவர். அவர் ஏட்டில் ஏழையர் கூட்டமாக வருவரேயன்றித் தனிக் குரல் பெறுவது அரிது. பசித்தவரைப் பார்ப்பதில் பிளாட்ஜேயின் கண்ணே கூரியது.

பிள்ளையின் நடை பேச்சுத் தமிழ். பிறமொழிச் சொற்கள் மலிந்தது. இலக்கணம் பிறழ்ந்தது என இதனை ஒதுக்குவாரும் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. அன்றைய கடைத்தெருவும் ஆளுநர் மாளிகையும் நம் காதில் ஒலிப்பது அந்நடையாலேயே. உரைநடை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், செப்பமான நடைக்கு அருகில் இதனையும் வைத்துக் காட்டுதல் வேண்டும்.

பேராக்கில் வாழும் நமக்கு இதில் தனிப்பாடம் உண்டு. சப்பானியர் காலத்தை ஈப்போ, பாப்பான் மண்ணிலிருந்து சொன்ன சிபில் கார்த்திகேசுவின் நினைவு நூல் 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழரோ பல்லாயிரவர். அவர்களுள் கையெழுத்திட அறிந்தவரும் கடிதம் எழுதியவரும் இல்லாமலா போயினர்? பழைய தோட்டத்து வீடுகளில் ஒரு கணக்குப் புத்தகம், ஒரு கடிதக் கட்டு இருப்பின், நடை கொச்சையென்று தள்ளாமல் படி எடுத்து வைப்போமாக. பிள்ளையின் ஏடும் ஒரு காலத்தில் பழங்கட்டாகவே கிடந்தது.