பாசி எண்ணெயும் யூரியா மூட்டையும்

குறுவை நட்டுப் பத்து நாள் கழித்துத் தஞ்சைப் பக்கத்து வயல்களில் நீரின்மேல் பச்சைப் படலம் ஒன்று மிதப்பதைப் பலரும் கண்டிருப்பர். சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் அதை ஒரு சீசாவில் அடைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "இதிலிருந்து டீசல் எடுக்கலாமாமே, சார்! நிலக்கடலையைப்போல் இருபது மடங்கு எண்ணெய் கிடைக்குமாம். எங்கள் நான்கு ஏக்கரையும் குளமாக்கிவிடலாமா என்று அப்பா கேட்கிறார்" என்றார். அவருக்காகக் கரும்பலகையில் போட்ட கணக்கையே இங்கே தருகிறேன்.

நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட், அதாவது 18,000 கிலோஜூல் சூரிய ஆற்றல் விழுகிறது. நன்கு பராமரிக்கப்படும் திறந்த குளத்தில் அதே பரப்பில் 20 கிராம் உலர்ந்த பாசி விளையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் அடங்கிய ஆற்றல் 440 கிலோஜூல். விழுந்த வெயிலில் இரண்டரை சதவீதம்கூட இல்லை. இருப்பினும் நெல்லும் கடலையும் இந்த அளவை எட்டுவதில்லை. ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 80 கிலோ பாசி. அதில் கால் பங்கு எண்ணெய் என்றால் 20 கிலோ, ஏறத்தாழ 22 லிட்டர். ஆண்டில் 300 நாள் வேலை நடந்தால் 6,600 லிட்டர். நிலக்கடலை ஒரு போகத்தில் ஏக்கருக்கு 350 லிட்டர் எண்ணெய் தந்தாலே நல்ல விளைச்சல். ஆக, இருபது மடங்கு என்பது பொய்யன்று. தாளில் அது வரத்தான் செய்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பாசி என்ன சாப்பிடுகிறது என்பதில்.

உலர்ந்த பாசியின் எடையில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து. நாளொன்றுக்கு 80 கிலோ பாசிக்கு 5.6 கிலோ தழைச்சத்து, அதாவது 12 கிலோ யூரியா வேண்டும். ஆண்டுக்கு 45 கிலோ மூட்டை எண்பது! ஒரு போகம் நெல்லுக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை இடுகிறோம். யூரியாவோ பெரும்பாலும் இயற்கை வாயுவைக் கொண்டு செய்யப்படுவது. ஒரு கிலோ தழைச்சத்துக்குச் சுமார் 50 மெகாஜூல் செலவாகிறது. ஒரு நாள் உரத்தின் ஆற்றல் 280 மெகாஜூல். அந்த நாள் கிடைக்கும் எண்ணெயின் ஆற்றல் 740 மெகாஜூல். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உரத்திலேயே போய்விடுகிறது. எண்ணெய் எடுத்த சக்கையைச் சாண எரிவாயுக் கலன்போன்ற ஒன்றில் இட்டுத் தழைச்சத்தில் ஒரு பகுதியை மீட்கலாம், நகரச் சாக்கடை நீரையும் பயன்படுத்தலாம் என்பது உண்மையே. ஆனால் விளம்பரங்களில் இந்தச் செலவைப் பற்றி மூச்சே இராது.

அடுத்தது அறுவடை. குளத்து நீரில் லிட்டருக்கு அரை கிராம் பாசிதான் இருக்கும். 80 கிலோவுக்கு 1,60,000 லிட்டர் நீரை இறைத்து வடிக்க வேண்டும். வடித்துச் சுழற்றிய பிறகும் கையில் கிடைப்பது ஐந்தில் நான்கு பங்கு நீராக உள்ள குழம்பு. அதிலுள்ள 320 கிலோ நீரை நெருப்பு மூட்டி ஆவியாக்கினால் 830 மெகாஜூல் போய்விடும்! எண்ணெயில் இருப்பதே 740. பத்தாம் வகுப்பில் படித்த உள்ளுறை வெப்பம் இங்கே முழுத் திட்டத்தையும் கவிழ்த்துவிடுகிறது. ஆகவேதான் வெயிலில் உலர்த்தவும் ஈரத்தோடே எண்ணெயைப் பிரிக்கவும் முயல்கின்றனர்.

இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாத தடை பாசியின் இயல்பிலேயே இருக்கிறது. தழைச்சத்துக் கிடைக்காமல் பட்டினி கிடக்கும்போதுதான் பல பாசிகள் எண்ணெயை மிகுதியாகச் சேர்க்கின்றன. பட்டினி கிடந்தால் வளர்ச்சி நின்றுவிடும். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை நடத்திய ஆராய்ச்சியில் இது தெளிவாயிற்று. பின்னர் 2009-இல் பெரும் ஆரவாரத்துடன் இறங்கிய எக்ஸான்மொபில் நிறுவனமும் 2023-இல் இதைக் கைவிட்டது.

"நல்ல வயல் எதற்கு? நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு நிலம் போதுமே" என்பார் சிலர். உப்புநீரில் வளரும் பாசிகள் உண்டு. எனவே இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஏக்கருக்கு 24,000 லிட்டர் குறையும். உப்பு மட்டும் தங்கிவிடும். ஈடுகட்ட நன்னீர் வேண்டும், அல்லது உவர்நீரை வெளியே விட வேண்டும். கடைமடையில் நன்னீர் ஏது? வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை நாகைக் கடற்கரை இறால் பண்ணைகளில் பார்த்தோம். அங்கே உப்பு கசிந்து வயலும் கிணறும் கெட்டன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது.

பாசி வளர்ப்பே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் சுருள்பாசியைக் குளங்களில் வளர்த்து விற்கிறார்கள். அது சத்துணவாகக் கிராம் கணக்கில் விலைபோகும் பொருள். எரித்துப் புகையாக்கும் பொருளுக்கு அந்த விலை எவர் கொடுப்பர்?

மாணவரின் சீசாவில் இருந்தவற்றுள் ஒன்று, நுண்ணோக்கியில் மணிமாலை போல் தெரிந்தது. நீலப்பச்சைப் பாசி இனம். நெல் வயலில் இவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குகின்றன என்பதைப் பி. கே. டே 1939-இலேயே காட்டினார். நல்ல நிலையில் ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் 25 கிலோ கிடைக்கும் என்பர். அதே யூரியாக் கணக்கின்படி 1,250 மெகாஜூல், ஏறத்தாழ 35 லிட்டர் டீசலுக்குச் சமம். குளம் வெட்டாமல், வடிக்காமல், உலர்த்தாமல்.

"அப்படியானால் எங்கள் வயலில் அது ஏன் தெரியவில்லை, சார்?" என்று கேட்டார் அவர்.

யூரியா இட்டிருக்கிறீர்களே, தம்பி. நீரிலேயே தழைச்சத்துக் கரைந்து கிடைக்கும்போது அந்தப் பாசி காற்றிலிருந்து பிடிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். வரும் குறுவையில் அப்பாவிடம் சொல்லி ஒரு சிறு வயலில் மட்டும் முதல் மேலுரத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.