முன்நிற்பாரும் பின்நிற்பாரும்

இஸ்லாமியச் சிந்தனை மரபில் தலைமையைப் பற்றி எழுந்த கிரந்தங்களை ஒருசேர நோக்குவோருக்கு, தலைவனுடைய லட்சணங்களை வகுப்பதில் ஆசிரியர்கள் காட்டிய சிரத்தையைப் பின்பற்றுவோனிடத்தில் காட்டவில்லை என்னும் குறை புலப்படாமற் போகாது. 950-இல் மறைந்த அல்ஃபாராபி தம்முடைய இலட்சிய நகரத் தலைவனிடம் 12 குணங்களை வேண்டினார். 1058-இல் மறைந்த அல்மாவர்தி, ஆட்சித் தலைவனுக்கு 7 தகுதிகளையும் 10 கடமைகளையும் எண்ணிவைத்துவிட்டு, ஜனங்கள் அவனுக்குச் செலுத்தவேண்டியவை கீழ்ப்படிதலும் உதவியும் ஆகிய இரண்டே என்று சுருக்கிக்கொண்டார். அவனுடைய நிலை மாறாதிருக்கும் வரையில் என்று அவர் சேர்த்த நிபந்தனைதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய நூலின் உயிர்நிலை.

நூல்கள் சுருக்கிய இவ்விஷயம் தொழுகை வரிசையிலே விரிந்து கிடக்கிறது. மீமிசலிலும், அதனை அடுத்த கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய கரையூர்களிலும் பாங்கோசை கேட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்று இமாமின் பின்னே நிற்கும் மீன்பிடிப்பவரும் வியாபாரியும் அவரை முந்திக் குனிவதற்கில்லை. ஆயினும் அவர் ஓதலில் தடுமாறினால் விட்ட சொல்லை எடுத்துக்கொடுக்கவும், செயலில் மறந்தால் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று உரக்கச் சொல்லி நினைவூட்டவும் கடமைப்பட்டிருக்கிறார்கள். சோழமண்டலக் கரை மரைக்காயர்கள் வழிவழியாகத் தழுவிவரும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, நான்கு ரக்அத் முடிந்தபின் இமாம் மறதியாய் ஐந்தாவதற்கு எழுந்தால், அதை அறிந்த மஃமூம், அதாவது பின்நின்று தொழுபவர், அவரைத் தொடர்ந்து எழலாகாது. அமர்ந்து காத்திருக்கலாம், அல்லது பிரிந்து தம் தொழுகையை முடித்துக்கொள்ளலாம். ஒழுங்கைக் குலைக்காமலே தலைமையைத் திருத்தும் இந்த முறையை அரசியல் சாஸ்திரக்காரர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

நபிகள் நாயகத்தின் சரிதத்தில் உஹது நிகழ்ச்சியை நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். 625-இல் மக்கத்துச் சேனை வந்தபோது, மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்ப்பது நபிகளின் அபிப்பிராயம். வெளியேறிப் பொருதுவது இளைஞர் பலரின் ஆவல். நபிகள் பெரும்பான்மையோருக்கு இணங்கினார்கள். மலைச்சாரலில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளிற் பெரும்பாலோர் வெற்றி கிட்டிவிட்டதென்று எண்ணி ஆணையை மீறி இறங்கியதால் தோல்வி நேர்ந்தது. அதன்பின் அருளப்பெற்றதாக உரையாசிரியர்கள் கூறும் திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்து 159-ஆம் வசனம், அவர்களை மன்னிக்குமாறும், அவர்களோடு மீண்டும் ஆலோசிக்குமாறும் பணிக்கிறது. கலந்தாலோசித்ததன் பின்னே இழப்பு நேர்ந்திருந்தும் ஆலோசனையைக் கைவிடச் சொல்லாத அக்கட்டளையின் ஆழம் சாமானியமானதன்று.

சூஃபிகளின் நெறி வேறு. குளிப்பாட்டுவோன் கையிலுள்ள சடலம் போல் குருவினிடம் சீடன் இருக்கவேண்டும் என்பது அவர்களது பழஞ்சொல். மீமிசலுக்குத் தெற்கே தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் துறவியாய் வாழ்ந்து, 1838-இல் மறைந்த மஸ்தான் சாகிபைக் குருவாகக் கொண்டவர்களுள் ஐயாசாமி முதலியாரும் ஒருவர் என்பது, இப்பின்பற்றுதல் சமய எல்லையையும் கடந்ததற்குச் சான்று. ஆன்ம சாதனைக்குப் பொருந்தும் இப்பூரண சரணாகதியை ஊர் நிர்வாகத்துக்கும் ஏற்றிச் சொல்வோரோடு நான் உடன்படுவதற்கில்லை.

நிர்வாகத்துக்கு உதாரணம் வேண்டுமாயின் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் இருக்கிறார். பிரிவினைக்குப்பின் பலர் கலைத்துவிட எண்ணிய முஸ்லிம் லீகை 1948 மார்ச் 10-இல் சென்னையில் கூடிய கூட்டம் தொடர்ந்து நடத்தத் தீர்மானித்தபோது தலைமையை ஏற்று, 1972-இல் மறையும்வரை அதனை வகித்தவர் அவர்.

இத்தகைய பெரியோரைப் பற்றிய வரலாறுகள் நம்மிடம் உண்டு. வக்ஃபுச் சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லியிடம் கணக்குக் கேட்டவர், மஷூரா என்னும் ஆலோசனையில் மாறுபட்டுப் பேசியும் முடிவு ஆனபின் அதற்குக் கட்டுப்பட்டவர் ஆகியோரைப் பற்றி ஒன்றுமில்லை. அவர்களை ஜமாஅத்துகளின் தீர்மானப் புத்தகங்களில்தான் தேடவேண்டும். கரையோர ஊர்களின் பழைய ஏடுகளைத் திரட்டி, படியெடுத்து, ஒப்புநோக்கும் வேலையை இளம் ஆராய்ச்சியாளர் எவரேனும் மீமிசலிலிருந்தே ஆரம்பிக்கலாம்.