விக்டோரியக் கால மலர்ப்பாத்திகளும் திறனாய்வின் தீர்ப்பும்

பிரித்தானியத் தோட்டக்கலை வரலாற்றை எழுதுவோர் விக்டோரியக் கால அணிமலர்ப் பாத்திகளைச் சுவையுணர்வு தாழ்ந்த காலத்தின் அடையாளமாகக் காட்டுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இவ்வழக்கிற்குப் பெரிதும் மூலமாக அமைந்தவை வில்லியம் ராபின்சனின் நூல்களாகும். ஒரு கலைவடிவத்தின் எதிராளி தீட்டிய சித்திரத்தையே அதன் வரலாறாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இப்பாத்திகள் தோன்றிய சூழலை முதற்கண் நோக்குவோம். தென்னாப்பிரிக்காவிலிருந்து பெலர்கோனியமும் லொபீலியாவும், தென்னமெரிக்காவிலிருந்து பெட்டூனியாவும் கல்சியோலேரியாவும் இங்கிலாந்தை அடைந்தன. இவை உறைபனியைத் தாங்கா. எனவே, கோடையின் இறுதியில் தண்டுகளை வெட்டிப் பதியமிட்டு, குளிர்காலம் முழுவதும் கண்ணாடிக் கூரையின்கீழ்க் காத்து, மே மாத இறுதியிலேயே அவற்றைப் பாத்திகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டமை இம்முறை பரவத் துணைநின்றது. சைடனம் பளிங்கு மாளிகைப் பூங்காவில் ஜார்ஜ் தாம்சன் குறுஞ்செடிகளைக் கொண்டு பட்டாம்பூச்சி வடிவப் பாத்திகளை அமைத்தார். 'கம்பளப் பாத்தி' என்னும் பெயர் வழங்கத் தொடங்கியதும் அக்காலத்திலேயே ஆகும்.

இஃது உழைப்பு மட்டுமன்று, சிந்தனையும் ஆகும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட வண்ண முரண் கோட்பாடு பாத்திகளுக்குப் பொருந்துமா என்பது குறித்துத் தோட்டக்கலை இதழ்களில் கடும் விவாதம் நிகழ்ந்தது. சஃபோக் வட்டாரத்தின் ஷ்ரப்லேண்ட் பூங்காவில் தலைமைத் தோட்டக்காரராகப் பணியாற்றிய டொனால்ட் பீட்டன் போன்றோர் ஏட்டுக் கோட்பாட்டினும் தம் பாத்திகளில் கண்டறிந்ததையே பெரிதும் நம்பினர். கூலிக்கு உழைத்த கைகளே கோட்பாட்டைச் சோதித்துப் பார்த்தன என்பது நோக்கத்தக்கது.

ராபின்சனின் 'காட்டுத் தோட்டம்' 1870இலும் 'ஆங்கிலேய மலர்த்தோட்டம்' 1883இலும் வெளிவந்தன. பாத்திமுறை செடியின் இயல்பான வடிவத்தை மறைத்து அதனை வெறும் வண்ணப்பொருளாக்குகிறது. ஆண்டுதோறும் செலவையும் உழைப்பையும் விழுங்குகிறது என்பன அவருடைய முதன்மைக் குற்றச்சாட்டுகள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், இவ்வாதத்தை 'இயற்கைக்கும் செயற்கைக்கும்' இடையிலான போராகவும், 'மண்ணின் செடிக்கும் அயற்செடிக்கும்' இடையிலான போராகவும் பிற்காலத்தார் சுருக்கிக்கொண்டமை பொருந்தாது. 'காட்டுத் தோட்டம்' பரிந்துரைத்ததே குளிர் தாங்கும் அயல்நாட்டுச் செடிகளை ஆங்கிலேயச் சோலைகளில் இயல்பாக வளரவிடுவதைத்தான். மேலும், பேட்டர்சீ பூங்காவில் ஜான் கிப்சன் வளர்த்த வெப்பமண்டல இலைச்செடிகளின் அழகை முன்னிறுத்தும் மரபையொட்டி 1871இல் தனிநூலே எழுதியவர் ராபின்சன். அவருடைய நண்பர் ஜெர்ட்ரூட் ஜீகிலோ, 1899இல் வெளிவந்த தம் நூலில், குற்றம் செடியினுடையதன்று, அதனைப் பயன்படுத்திய முறையினுடையதே என வாதிட்டார். எதிரணி என நாம் கருதும் அணிக்குள்ளேயே இத்தகைய வேறுபாடுகள் இருந்தன.

1986இல் பிரென்ட் எலியட் எழுதிய 'விக்டோரியத் தோட்டங்கள்' அக்கால இதழ்களை நேரடியாகப் பயின்று இச்சித்திரத்தைத் திருத்தியது. எலியட்டின் சிறப்பு பாத்திகளைப் போற்றியதில் இல்லை. அவற்றை உருவாக்கியோரின் சொற்களைச் சான்றாக ஏற்றதிலேயே உள்ளது எனலாம்.

கம்பளப் பாத்திகளை அழகானவை என ஒப்புக்கொள்ளுமாறு நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. பொதுப்பூங்காவிற்கு வந்த எளிய மக்களின் சுவையையும் பெயர் மறைந்த தோட்டக்காரர்களின் அறிவையும் ஒரு நூலாசிரியரின் சினம் அழித்துவிட இடந்தரலாகாது என்பதே நம் கருத்து. புதிய இயக்கமொன்றின் முன்னுரையைக் கொண்டு பழைய வடிவத்தை மதிப்பிடும் பழக்கம் இலக்கியம் பயிற்றுவிக்கும் நம் வகுப்பறைகளிலும் உண்டு. முன்னுரை தரும் தீர்ப்பைப் பழைய படைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மாணவர்முன் வைத்தல் தகும்.