93 சதவீதமும் காலியான கம்பிச் சுருளும்

வெண்டிங் மெஷினில் என்ன வைப்பது, என்ன விலைக்கு வைப்பது என்று பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு எண்ணை எடுத்து மேஜைமேல் போடுவார்கள். 93 சதவீதம். ஆரோக்கியமான தின்பண்டத்தின் விலையைப் பாதியாக்கினால் அதன் விற்பனை 93 சதவீதம் கூடும், ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள், முடிந்தது விஷயம். எங்கள் அலுவலகத்தில் புது மெஷின் வைப்பதற்கான சுற்றறிக்கையிலும் இதே எண் வந்தது. யார் அளந்தார்கள், எங்கே, எப்போது என்று ஒரு வரி இல்லை. அதனால் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன்.

இரண்டு கட்டுரைகள். இரண்டுமே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சிமோன் ஃப்ரெஞ்ச் குழுவினர் எழுதியவை, 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்தவை. முதலாவது 1997. ஒரு பல்கலைக்கழகத்தில் 9 மெஷின்கள். நான்கு வாரம் சும்மா கவனித்தார்கள், மூன்று வாரம் கொழுப்பு குறைந்த தின்பண்டங்களைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள், பிறகு மூன்று வாரம் பழைய விலை. இரண்டாவது 2001. 12 பள்ளிகள், 12 பணியிடங்கள், மொத்தம் 55 மெஷின்கள், 12 மாதங்கள். சம விலை, 10, 25, 50 சதவீதத் தள்ளுபடி என நான்கு நிலைகள். அந்த 93 இரண்டாவது கட்டுரையில் இருந்து வருகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆளைக் கூப்பிட்டு "நீங்கள் பழம் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டு எழுதிக்கொண்டவை அல்ல; மெஷினில் என்ன விற்றது என்று எண்ணிப் பார்த்தவை. என் சண்டை ஆய்வோடு இல்லை, அதை எடுத்துச் சொல்கிறவர்களோடு.

93 மட்டும்தான் பரவியது. அதன் கூடவே இருக்கிற இரண்டு எண்களை யாரும் சொல்வதில்லை. 10 சதவீதம் குறைத்தபோது கூடியது 9 சதவீதம். 25 குறைத்தபோது 39. ஒரு பண்டம் ஒரு டாலர், அடக்கவிலை அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், ஆய்வில் உள்ளதல்ல). தள்ளுபடிக்கு முன் 100 விற்றால் கையில் நிற்பது 50 டாலர். 10 சதவீதத் தள்ளுபடியில் 109 விற்று, ஒன்றுக்கு 40 சென்ட் வீதம் 43.60. 25 சதவீதத்தில் 139 விற்று 34.75. பாதி விலையில் 193 விற்று, சைபர். விற்பனை ஏற ஏற கையில் நிற்பது இறங்குகிறது.

"ஆனால் மெஷினுக்கான சராசரி லாபம் பாதிக்கப்படவில்லை என்று அதே கட்டுரை சொல்கிறதே?" சொல்கிறது. நம்புவதில் எனக்குச் சிரமமும் இல்லை. கொழுப்பு குறைந்த பண்டங்களை அந்த மெஷின்களில் கூடுதலாகச் சேர்த்தார்கள். பழைய சரக்கைத் தூக்கிவிடவில்லை. பக்கத்து வரிசைகளில் சிப்ஸும் சாக்லேட்டும் முழு விலைக்கு ஓடிக்கொண்டிருந்தால், சில வரிசைகளின் தள்ளுபடி மொத்தக் கணக்கில் கரைந்துபோகும். பிரச்சினை எங்கே என்றால், திட்டம் ஓரளவுக்கு வெற்றி பெறும்வரைதான் அது கரையும். நன்றாக வெற்றி பெற்றால் கரையாது.

1997 கட்டுரையை வைத்தே இதைப் பார்க்கலாம். கொழுப்பு குறைந்தவற்றின் பங்கு தள்ளுபடிக்கு முன் 25.7 சதவீதம், தள்ளுபடியின்போது 45.8. கிட்டத்தட்ட பாதி! ஆனால் மொத்தம் விற்ற பண்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை. அதாவது புதிதாக யாரும் வந்து வாங்கவில்லை, வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தார்கள். என் அதே அனுமானத்தைப் போட்டால், 100 பண்டத்துக்கு 50 டாலர் நின்ற இடத்தில் இப்போது நிற்பது 27.10. இந்த வித்தியாசத்தை யாரோ ஒருவர் கட்ட வேண்டும். மெஷின் நடத்துகிறவர் கட்டுவார் என்று நினைத்தால், மூன்றாம் மாதம் அந்த வரிசையில் மறுபடி சிப்ஸ் தொங்கும்.

தள்ளுபடியை நிறுத்தியதும் என்ன ஆனது? 22.8 சதவீதம். ஆரம்பித்த இடத்துக்கும் கொஞ்சம் கீழே. "கொஞ்ச நாள் மலிவாகக் கொடுத்துப் பழக்கிவிடலாம்" என்று எங்கள் சுற்றறிக்கையில் ஒரு யோசனை இருந்தது. மூன்று வாரத்தில் எந்தப் பழக்கமும் வரவில்லை என்று அதே ஆய்வாளர்களின் முந்தைய கட்டுரையே சொல்கிறது. (போஸ்டர் ஒட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை: 2001 ஆய்வில் அதற்குப் பலன் இருந்தது, ஆனால் பலவீனமான பலன். எங்கள் ஆட்கள் போஸ்டர் டிசைனை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.)

இனி நம்மூருக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கணக்கு இங்கே இன்னும் இறுக்கமாகிறது. அமெரிக்காவில் தள்ளுபடிக்கு ஆகும் காசை சிப்ஸ் விலையைக் கால் டாலர் ஏற்றி ஈடுகட்டலாம். இங்கே பாக்கெட்டில் எம்.ஆர்.பி. அச்சாகி வருகிறது, அதற்குமேல் ஒரு ரூபாய் வைத்து விற்றாலும் சட்டப்படி குற்றம். கீழேயும் பெரிதாக இறங்க இடமில்லை. பத்து ரூபாய் பாக்கெட்டில் சில்லறை வியாபாரிக்கு நிற்பது பெரும்பாலும் ஒரு ரூபாய் சொச்சம். பாதி விலைக்கு விற்றால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நாலு ரூபாய் கைக்காசு போகும். மேலே பூட்டு, கீழே பள்ளம். ஆக, நம்மூர் மெஷினில் 'விலை நிர்ணயம்' என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எந்த வரிசையில் எதைத் தொங்கவிடுகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

விலை அசையாதபோது வேறு ஏதாவது அசையும் என்பதற்குப் பழைய கோக் நல்ல உதாரணம். 1886-லிருந்து 1950-கள் வரை ஒரு கோக் ஐந்து சென்ட். அதை அசைக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம், மெஷின்கள் ஐந்து சென்ட் காசைத்தான் விழுங்கும். அடுத்த காசு பத்து சென்ட். ஒரே தாவலில் விலை இரட்டிப்பாகிவிடும். கம்பெனித் தலைவராக இருந்த ராபர்ட் வுட்ரஃப் 1953-ல் அதிபர் ஐசனோவரிடம் ஏழரை சென்ட் நாணயம் அடிக்கச் சொல்லிக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. நடக்கவில்லை. அதனால் சில இடங்களில் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஒன்பது இடத்தில் ஒன்றைக் காலியாக விட்டார்கள். ஒன்பது பேர் காசு போட்டால் எட்டுப் பேருக்குத்தான் பாட்டில். சராசரியாக ஒரு கோக் 5.625 சென்ட். டேனியல் லெவியும் ஆண்ட்ரூ யங்கும் 2004-ல் எழுதிய கட்டுரையில் இதைப் படித்தபோது சிரித்தேன். காலி இடமும் ஒரு விலைதான் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்!

காலி இடம் இன்றைக்கும் இருக்கிறது, தந்திரமாக அல்ல, அலட்சியமாக. ஒரு கம்பிச் சுருளில் பத்துப் பன்னிரண்டு பாக்கெட் நிற்கும். கடலைமிட்டாயையும் வறுத்த கொண்டைக்கடலையையும் தலா ஒரு வரிசையில் வைத்து, மானியம் கொடுத்து மலிவாக்கி, வெள்ளிக்கிழமைதான் நிரப்ப ஆள் வருவார் என்றால், செவ்வாய் ராத்திரியே தீர்ந்துவிடும். வாரக் கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? கடலைமிட்டாய் 12 விற்றது, சிப்ஸ் ஆறு வரிசையில் 70 விற்றது. "பார்த்தீர்களா, நம்ம ஆட்கள் சிப்ஸ்தான் கேட்கிறார்கள்" என்பார். விற்றதை மட்டும் எழுதிவைக்கிற லாகில், யாருக்கும் வேண்டாததால் விற்கவில்லையா, இல்லாததால் விற்கவில்லையா என்பது ஒரே மாதிரிதான் தெரியும். காலி வரிசையின் எண்ணை ஒருவர் அழுத்திவிட்டுப் போனால் அது எங்கேயும் பதிவாகாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்: பதிவு செய்வது நாலு வரி கோட்.

அப்படி அழுத்திவிட்டுப் போகிறவர் யார் என்பதும் முக்கியம். பகலில் எனக்கு இந்த மெஷின் ஒரு பொழுதுபோக்கு. வேண்டாம் என்றால் கீழே இறங்கி டீக்கடையில் சுண்டல் வாங்கிக்கொள்வேன். எங்கள் கேண்டீன் ஒன்பதரைக்கு மூடிவிடும். அதற்குப்பிறகு காலை ஆறு மணிவரை செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கும் அந்த வளாகத்தில் வேறு கடை கிடையாது. அவர்களுக்கு இது நொறுக்குத்தீனி இல்லை, ராத்திரிச் சாப்பாட்டின் மிச்சப் பாதி. பல்கலைக்கழக மாணவர் மூன்று வாரத்தில் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததை இவர்கள் மேல் அப்படியே வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சுற்றறிக்கைக்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 93-ஐ எடுத்துவிடுங்கள், அல்லது 9, 39, 22.8 மூன்றையும் பக்கத்தில் போடுங்கள். கடலைமிட்டாய், கொண்டைக்கடலை, பாக்கெட் மோர் மூன்றுக்கும் சேர்த்து எட்டு வரிசை கொடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு அந்த எட்டு வரிசையும் நிறைந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தள்ளுபடி தருவதாக இருந்தால் அந்தக் காசு கம்பெனிக் கணக்கில், ஆண்டு முழுவதும். காலி வரிசையை அழுத்தியதையும் லாகில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எட்டு வரிசையில் ஆறுக்குச் சம்மதித்திருக்கிறார்கள். நிரப்பும் நேரம் ஒப்பந்தத்தில் வந்துவிட்டது. தள்ளுபடிக் காசு எந்தத் தலைப்பில் என்பது இன்னும் ஃபைனான்ஸில் இருக்கிறது.